சிறுதேர் முதல் லயம் வரை

(ஆண்டு விழாக் கூட்டத்தில், மாதிரி அமைக்கும் இளைஞர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் எங்கள் பேச்சுக்கு முன்னே திருமுறை ஓதப்பட்டது. அதன் பின்னே சமய உண்மைகளைப் பற்றி அரிய சொற்பொழிவு ஒன்றும் நிகழ்ந்தது. இவற்றுக்கிடையே மட்டையும் பசையும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு விளையாடுகிறவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். "படிக்கிற நேரத்தில் பொம்மை வீடு கட்டுகிறார்கள்" என்று எங்களைப் பற்றிப் பெற்றோர் சிலர் சொல்லியதும் எங்கள் காதில் விழாமல் இல்லை. ஆகவே இந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி, நாங்கள் செய்வது இன்னதென்றும், அதிலே எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த வேலைகள் எவை என்றும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெரிய பொருள் ஒன்றை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்வதே மாதிரி அமைத்தல். இது மேல்நாட்டார் நமக்குக் கொடுத்த பொழுதுபோக்கு என்று நினைப்பது தவறு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலே இறுதியாக வருவது எது? சிறுதேர்ப் பருவம் அல்லவா? முருகப் பெருமானையே சிறுதேர் உருட்டும் குழந்தையாகக் கண்டு மகிழ்ந்தது தமிழ் உள்ளம். சங்க இலக்கியமாகிய பட்டினப்பாலையிலே, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையில்லாமல் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேர் பேசப்படுகிறது. சிந்துவெளி நகரங்களைத் தோண்டியபோது சுட்ட மண்ணாலான சிறிய வண்டிகள் பல கிடைத்தன. மாமல்லபுரத்திலே ஏழாம் நூற்றாண்டிற் பல்லவர் குடைந்த ஐந்து இரதங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் திரௌபதி இரதம் என்பது கூரை வேய்ந்த குடிசையொன்றின் வடிவத்தைக் கல்லிலே எடுத்து வைத்ததுதான். மரமும் புல்லும் அழிந்துபோகும். வடிவம் அழியலாகாது என்று அந்தச் சிற்பி நினைத்திருக்க வேண்டும். இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் மீண்டும் இதற்கு வருவோம்.

நம் வீடுகளிலும் இக்கலை உண்டு. நவராத்திரிக் கொலு வைக்கும்போது படிகளுக்குப் பக்கத்திலே சிறு மலையும் குளமும் கடைத்தெருவும் அமைத்து, தட்டிலே கடுகும் வெந்தயமும் தூவி வயல் முளைக்கச் செய்கிறார்கள். அதுவும் மாதிரி அமைப்பே. ஆனால் கொலுவிலே பூனை யானையளவும் யானை பூனையளவும் இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. நாங்கள் எடுத்துக்கொண்ட விரதம் இந்த ஓர் இடத்தில்தான் வேறுபடுகிறது. எல்லாம் ஒரே அளவில் சிறுக்க வேண்டும் என்பதே அந்த விரதம்.

அளவு என்னும் ஆசிரியர்

அளவு விகிதம் என்றால் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் அது எழுபத்திரண்டில் ஒன்று. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறான். இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் கம்பெனியார் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்பிட்பயர் விமான மாதிரி இந்த அளவிலேதான் செய்யப்பட்டது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இன்றும் இதே அளவில் விமானங்களை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அரை அங்குலம் ஓர் அடி என்றால் இருபத்துநான்கில் ஒன்று. வீட்டின் உட்புறத்தைக் காட்ட இது ஏற்றது.

இந்த விதியை மதியாமல் நாங்கள் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்கிறோம். முதன்முதலில் நாங்கள் செய்யத் தொடங்கியது தேர். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி உயரம் என்று படித்தோம். ஆறால் வகுத்தால் பதினாறு அங்குலம். மேசையில் வைக்கத் தக்கதுதான். ஆனால் சக்கரத்துக்கு அளவு பார்க்கவில்லை. கையிலே பால்மா டின்னின் மூடி நான்கு இருந்தது, வட்டமாகவும் இருந்தது, அதையே பூட்டிவிட்டோம். மேலே மூங்கிற் சிராயும் வர்ணக் கடுதாசியும் கொண்டு தட்டுத்தட்டாய் எழுப்பினோம். குதிரைகளை மட்டும் அளவுப்படி செய்து முன்னே நிறுத்தினோம். கோவிலிலே பார்வைக்கு வைத்தபோது, ஒரு தாத்தா நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பிகளா, தேர் நல்லாத்தான் இருக்கு. நாலு நாயை ஏன் கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கோவில் முழுவதும் சிரித்தது. குதிரைகள் சரியாகத்தான் இருந்தன; சக்கரம்தான் பொய் சொல்லியது. ஒன்று பொய்யானால் மெய்யானவையும் பொய்யாய்த் தோன்றும் என்பதை அன்று கற்றோம்.

இருந்தாலும், தேர் செய்வதைப் போல் தொடக்கக்காரருக்கு இன்பமான வேலை வேறில்லை என்றே சொல்வோம். தேர் என்பது கோவில் விமானத்தை மரத்திலே செய்து நகரவிட்டது. நம் தோட்டத் திருவிழாக்களிலே மூங்கிலும் கடுதாசியும் கொண்டு கட்டும் சப்பறமோ அந்தத் தேரின் மாதிரி. நாங்கள் செய்தது அந்தச் சப்பறத்திற்கும் மாதிரி. சப்பறம் கட்டும் பெரியவர்கள் எங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். மூங்கிலைப் பச்சையாய்ப் பிளந்து, நெருப்பிலே காட்டி வளைப்பது எப்படியென்று அவர்களிடமே கற்றுக்கொண்டோம். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் அது.

கோச்சிப் பாதை

இரண்டாவதாக நாங்கள் எடுத்துக்கொண்டது கோச்சி. மலைநாட்டுப் பிள்ளைக்குக் கோச்சியின் மீது ஆசை இல்லாமலிருக்குமா? 1867இல் கண்டியை எட்டிய இரும்புப்பாதை, 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. இந்தப் பாதையின் ஒவ்வொரு மைலும் மாதிரி செய்வோனுக்கு ஒரு விருந்து. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. தெமோதரையிலே ஒன்பது வளைவுப் பாலம். ஏறக்குறைய 300 அடி நீளம், 80 அடி உயரம், 1921இல் இரும்புத் தூண் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டி முடிக்கப்பட்டது. அதற்கப்பால், பாதையானது ஒரு சுற்றுச் சுற்றிவந்து தெமோதரை ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து போகிறது. கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, மாதிரியைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லி மகிழ்கிறோம்.

இதில் எங்களுக்குக் கிடைத்த ஒரு சிறு வெற்றியைக் கணக்கில் ஆர்வமுள்ள தம்பிமார் கவனிக்க வேண்டும். கடைகளில் விற்கும் விளையாட்டு இரும்புப்பாதை பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர் அகலம். அது மேல்நாட்டு இரும்புப்பாதையின் 4 அடி 8½ அங்குல அகலத்துக்கு எண்பத்தேழில் ஒன்று. நம் நாட்டுப் பாதையோ இந்தியாவைப் போல் 5 அடி 6 அங்குலம், மில்லிமீட்டரில் 1676. இதைப் பதினாறரையால் வகுத்தால் நூற்றொன்றரைக்குச் சற்று அதிகம் வருகிறது. ஆகவே வண்டியையும் ஸ்டேசனையும் பாலத்தையும் நூறில் ஒன்றாகச் செய்தால், கடைப் பாதை நம் பாதையாகவே ஆகிவிடுகிறது! இந்தக் கணக்குச் சரிவந்த அன்று நாங்கள் பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

நூறில் ஒன்று என்னும் கணக்கு வேறு சுகங்களையும் தந்தது. பாலம் மூன்றடி நீளத்துக்குள் அடங்கியது. மலைப்பாதையின் மிகக் குறுகிய வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரம் கொண்டவை. அதாவது 330 அடி. நூறில் ஒன்றாக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர். செங்குத்தான ஏற்றமோ நாற்பத்துநான்கடிக்கு ஓர் அடி. எண்பத்தெட்டு அங்குல மேசையில் இரண்டு அங்குலம் உயர்ந்தால் போதும். "இவ்வளவுதானா ஏற்றம்?" என்று முதலில் ஏளனமாய் நினைத்தோம். ஆனால் பெட்டிகள் ஐந்தைக் கட்டி விட்டதும் சிறு இஞ்சின் சக்கரம் சுழன்று நின்ற இடத்திலேயே நின்றது. கடுகண்ணாவையிலும் வட்டவளையிலும் கோச்சி ஏன் பெருமூச்சு விட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து டீசல் இஞ்சின்கள் வந்தன; அவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயரே சூட்டப்பட்டது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்ற பெயர்களை அட்டையில் வெட்டி ஒட்டியபோது எங்கள் குழுவின் சிறுவர்கள் உலகப் படத்தைத் திறந்து அவ்விடங்களைத் தேடினார்கள். பாடப்புத்தகம் சாதிக்காததை ஒரு பெயர்ப்பலகை சாதித்தது.

ஸ்டோரும் மலையும்

மூன்றாவது வேலை தேயிலை ஸ்டோர். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைப் பெரும்பயிராக நட்ட காலந்தொட்டு நம்மவர் வாழ்வு இந்தக் கட்டடத்தைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. ஆனால் கொழுந்து பறிக்கும் அம்மாமாரில் எத்தனை பேர் ஸ்டோரின் உள்ளே நடப்பதை முழுமையாகக் கண்டிருக்கிறார்கள்? ஆகவே ஒரு பக்கத்துச் சுவரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்தோம். மேல்மாடியிலே கொழுந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக வாடுகிறது. கீழே உருட்டும் இயந்திரம். பிறகு காற்றுப்பட்டு நிறம் மாறும் இடம். பிறகு உலர்த்தும் அடுப்பு. பிறகு சலிக்கும் இடம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. இதைக் காட்ட, வாசலிலே நாலரைக் கூடையும் மறுகோடியிலே ஒரு கூடையும் வைத்தோம். பார்க்க வந்த ஓர் அம்மா, "நாங்க தூக்கின பாரமெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். பெரும்பாலும் நீராவியாய்ப் போயிற்று என்றோம். "வேர்வையாயும்தான்" என்றார் அவர். எங்களிடம் மறுமொழி இல்லை.

செய்முறை பற்றிச் சில வார்த்தை. தகரக் கூரையின் நெளிவுதான் பெரிய தொல்லை. மெய்யான தகரத்தில் நெளிவுக்கு நெளிவு ஏறக்குறைய மூன்று அங்குலம். எழுபத்திரண்டில் ஒன்றாக்கினால் ஒரு மில்லிமீட்டர். காட்போட் பெட்டியின் உள்நெளிவு இதற்கு மிகப் பெரிது. கடைசியில் வழிகாட்டியது ஒரு பேன் சீப்பு. தேயிலைப் பொதிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சீப்பின்மேல் வைத்து, முனை மழுங்கிய ஊசியால் பல்லுக்குப் பல் தேய்த்தால் அழகான தகரக் கூரை கிடைக்கிறது. துருப்பிடித்த நிறத்துக்குச் செங்கற்பொடியைப் பசைநீரில் குழைத்துத் தடவினோம். தேயிலைச் செடிக்கு, சாயம் இறக்கிய பின் எஞ்சும் சக்கையைக் காயவைத்துப் பச்சை வர்ணம் ஏற்றி, சிறு பஞ்சுத் துண்டுகளில் ஒட்டினோம். தேயிலை மலையைத் தேயிலையாலேயே செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செடி நடும்போது ஒரு பாடம் கிடைத்தது. ஓர் ஏக்கர் மலை எழுபத்திரண்டில் ஒன்றாகும்போது மூன்றடி சதுரமான மேசைக்குச் சற்றே குறைவான இடம். வரிசைக்கு வரிசை நான்கு அடி, செடிக்குச் செடி இரண்டரை அடி என்று வைத்தால், அந்த மேசையில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட செடி நட வேண்டும். எட்டுப் பேர் நான்கு போயா விடுமுறை நாட்கள் உட்கார்ந்தும் அரை ஏக்கர்தான் முடிந்தது. இடுப்பு ஒடிந்தது. இருந்த இடத்தில் இருந்துகொண்டு பொம்மைச் செடி நட்ட எங்களுக்கே இந்தப் பாடு என்றால், சரிவிலே நின்று, மழையிலும் அட்டைக் கடியிலும் மெய்யான செடி நட்டவர்களின் பாடு என்ன?

முழு மலைத்தொடரையும் காட்ட வேண்டுமானால் வேறு அளவு எடுக்க வேண்டும். நில அளவைப் படத்தில் 20 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்தால் 20 மீட்டர் இரண்டு மில்லிமீட்டராகும். அது தடித்த மட்டை ஒன்றின் கனம். கோட்டுக்கு ஒரு மட்டையாக வெட்டி அடுக்கினால் மலை தானாக எழுகிறது. 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலையைக் கடல் மட்டத்திலிருந்து அடுக்கினால் 112 மட்டைகள். நல்லதண்ணி அடிவாரத்திலிருந்து தொடங்கினால் பாதியளவு போதும். கடைசி மட்டை ஒரு கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிது. அதை ஒட்டும்போது யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

நீருக்குள் இருக்கும் ஊர்

நோர்வூட்டைக் கடந்து ஓடும் கெசல்கமுவ ஓயா கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அதன் நீரால் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இல் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே தெரிகின்றன. மக்கள் திரண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

அந்தப் பழைய நகரத்தை மாதிரியாகச் செய்ய ஆசைப்பட்டோம். அளந்து பார்க்க ஊர் இல்லை. இருந்தது முதியோரின் நினைவு மட்டுமே. ஒரு பலகையில் ஆற்றையும் பாதையையும் வரைந்து, தீப்பெட்டிகளைக் கையில் கொடுத்து, "எந்தக் கடை எங்கே இருந்தது? நீங்களே வையுங்கள்" என்றோம். ஒருவர் வைத்த பெட்டியை மற்றவர் நகர்த்தினார். "அது ஆத்துப் பக்கம் இல்ல, மேட்டுப் பக்கம்." "நீ அப்ப சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்?" என்று எழுபது வயதுக்காரரைப் பார்த்து எண்பது வயதுக்காரர் சொன்னார்! ஒரு பிற்பகல் முழுவதும் வாக்குவாதம். இருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், தேநீர் வந்ததும் திரும்பி வந்தார்கள். அந்த மாதிரி இன்னும் முடியவில்லை. தீப்பெட்டிகள் இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அது முடியாமல் இருப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. நகர்த்துவதற்குக் கைகள் இருக்கும்வரை நகரட்டும்.

லயம்

கடைசியாகச் சொல்ல வேண்டியதற்கு வருகிறோம். லயம் ஒன்றை மாதிரியாகச் செய்ய வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது எங்கள் குழு இரண்டுபட்டது. "தேர் செய்தோம், பாலம் செய்தோம், மலை செய்தோம், அவற்றில் பெருமை உண்டு. லயத்தில் என்ன பெருமை? அந்த வெட்கத்தை ஏன் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட வேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் லயத்தில்தான். பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை. "முதலில் அளந்து பார்ப்போம், பிறகு முடிவு செய்வோம்" என்று மட்டும் தீர்மானித்தோம்.

நாடாவைப் பிடித்துக்கொண்டு போனோம். காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். ஆகவே பின்புறம் ஜன்னல் இல்லை. அரை அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் ஐந்து அங்குலத்துக்கு ஆறு அங்குலமாக வெட்டினோம். அடுப்பையும் விறகையும் பானைகளையும் சாமிப் படத்தையும் வைத்தோம். கூரையைத் தூக்கி உள்ளே பார்க்கும்படி அமைத்தோம். பிறகு, ஒரு காலத்தில் ஒரு காம்பராவில் ஏழு பேர் இருந்தார்கள் என்று கேட்டு, களிமண்ணால் ஏழு உருவம் செய்து படுக்க வைத்துப் பார்த்தோம்.

ஆறு பேர் படுத்தார்கள். ஏழாமவரைப் படுக்க வைத்ததும் கதவு திறக்கவில்லை. அளவில் பிழையோ என்று மீண்டும் மீண்டும் அளந்தோம், பிழையில்லை. அப்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பாயி சொன்னார்: "சரியாத்தான் வச்சிருக்கீங்கய்யா. விடியக்காலம் பெரட்டுக்குப் போறவங்க கதவோரம் படுப்பாங்க. அவங்க எழும்பினாத்தான் கதவு தெறக்கும். புதுசா கண்ணாலம் கட்டினதுங்களுக்கு இஸ்தோப்புல சாக்குக் கட்டி விடுவோம்." இதைச் சொல்லிவிட்டு அவரே தம் விரலால் ஒரு சிறு உருவத்தை எடுத்துக் கதவோரம் நகர்த்தினார். வெட்கம் என்று சொன்ன அந்தத் தோழர் எதிரே நின்றுகொண்டிருந்தார். வேலையை அவரே தொடர்ந்து செய்து முடித்தார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

அத்தோடு முடியவில்லை. மாதிரியைக் கோவில் மண்டபத்தில் வைத்ததும் முதியோர் ஒவ்வொருவராக வந்து, கூரையைத் தூக்காமல் கதவுகளைத் தொட்டுப் பேசத் தொடங்கினார்கள். "இது இன்னார் காம்பரா; இந்தியா போயிட்டாங்க. அடுத்ததும் போயிட்டாங்க. இதுல அண்ணன் போனாரு, தம்பி இருந்துட்டாரு." 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவரானதும், 1964 அக்டோபர் 30ஆம் தேதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானதும் நாம் புத்தகத்தில் படித்தவை. ஆனால் ஐந்தேகால் இலட்சம் என்பது மனதில் தங்காத எண். ஹட்டன் ஸ்டேசனில் அழுகுரலோடு புறப்பட்டுத் தலைமன்னார் நோக்கிப் போன வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே மலைநாட்டில் பெயர் வழங்கிற்று. அந்த வண்டியில் இந்த லயத்திலிருந்து எத்தனை கதவு போயிற்று என்று எண்ணினோம். பன்னிரண்டு கதவுகளில் ஐந்து. அது மனதில் தங்கியது.

எல்லாக் காம்பராக்களிலும் உருவங்களை வைக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். பெரியவர் ஒருவர் தடுத்தார். "போனவங்க கதவை மூடியே வையுங்க. உள்ளே எதுவும் வைக்காதீங்க" என்றார். அப்படியே செய்தோம். ஒவ்வொரு கூரையின் உட்புறத்திலும், அந்தக் காம்பராவைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சிறு தாளில் எழுதி ஒட்டினோம். வெளியே இருந்து பார்த்தால் அது தெரியாது. தூக்கிப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

தோழர்களே! லயங்கள் மெல்ல மெல்ல மறைந்து வருகின்றன, மறையவும் வேண்டும். 2017 மே 12ஆம் தேதி இந்தியப் பிரதமர் மோடி இதே நோர்வூட் மைதானத்தில் பேசியபோது, அப்போது கட்டப்பட்டு வந்த நாலாயிரம் வீடுகளோடு மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கனவு சிலருக்குக் கைகூடியிருக்கிறது. பலர் இன்னும் காத்திருக்கிறார்கள். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. ஒரு காம்பரா 120 சதுர அடி. அந்தக் காணியை அதே அளவில் மட்டையில் வெட்டி லயத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அதற்குள் பதினைந்து காம்பரா அடங்கியது. மேடைப் பேச்சு ஆயிரம் கேட்டாலும் விளங்காத ஒன்று அந்த வெறும் மட்டைத் துண்டால் விளங்கியது. கேட்பது தானமல்ல, மனிதன் காலை நீட்டிப் படுக்கும் இடம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. காத்திருப்போர் கேட்கும்போது அளவு தெரிந்து கேட்கலாம்.

லயம் போகட்டும், லயத்தில் வாழ்ந்தோர் எப்படி வாழ்ந்தார்கள் என்ற அளவு போகலாகாது. கம்பளைக்கு அருகே தோட்டம் ஒன்றில் பழைய லயக் காம்பராக்களிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. இளைஞர்கள் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். ஆனால் எல்லா லயத்தையும் நூதனசாலை ஆக்க முடியாது. மட்டையும் பசையும் அளவுநாடாவும் இருந்தால் ஒவ்வொரு தோட்டமும் தன் லயத்தைக் கையளவாக்கி வைத்துக்கொள்ள முடியும். குடிசையைக் கல்லில் வடித்த மாமல்லபுரத்துச் சிற்பியை முன்பு நினைவூட்டினோம் அல்லவா? அவன் மாளிகையை மட்டும் வடிக்கவில்லை, குடிசையையும் வடித்தான். அதனால்தான் அந்த நாளைய குடிசை எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது.

மிகுந்த மகிழ்ச்சி தந்த வேலை எது என்று எங்களைக் கேட்டால், தேரும் அல்ல, கோச்சியும் அல்ல, லயம் என்றே சொல்வோம். மகிழ்ச்சி என்ற சொல் அதற்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பொருந்தும். பாட்டியும் பேரனும் ஒரே பொருளைக் குனிந்து பார்த்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் வேறு எந்த வேலையிலும் கண்டதில்லை.

இனி, சங்கத்துத் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். காசு அதிகம் வேண்டாம். பழைய அப்பியாசக் கொப்பி மட்டை, பைண்டர் கம், ஒரு கூரிய கத்தி, இரும்பு அடிமட்டம், இவை போதும். ரெஜிபோம் எளிதாய் வெட்டலாம். ஆனால் எளிதாய் நொறுங்கும். வெயிலும் ஈரமும் படும் இடத்தில் மாதிரியை வைக்காதீர்கள். நம் மலைநாட்டு ஈரத்துக்கு மட்டையின் இருபுறமும் வார்னிஷ் பூச வேண்டும். ஒரு புறம் மட்டும் பூசினால் வளைந்துவிடும். சிறுவர்கள் கத்தியைத் தொடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் கண்ணால் மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள், அளந்து செய்யுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த போயா தினத்தன்று இந்த மண்டபத்துக்கு வாருங்கள். பீலி எந்தப் பக்கம் இருந்தது, பெரட்டுக்களம் எத்தனை எட்டு அகலம், பிள்ளைக் காம்பராவுக்கு எத்தனை படி என்று உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள். ஓர் எட்டு என்றால் நாங்கள் நாடாவைப் பிடித்து அளந்துகொள்வோம். தீப்பெட்டிகள் காத்திருக்கின்றன. பிழையாய் வைத்தாலும் பரவாயில்லை. நகர்த்துவதற்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார்.